நாற்பத்திரண்டு ஆட்டங்கள்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்கு விளையாட்டுத்துறை சார்ந்த கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது முதலில் எமக்கு நகைப்பே எழுந்தது. நாம் தமிழ் கற்பிப்போம்; மைதானத்தை வகுப்பறைச் சாளரத்தினூடாகப் பார்த்துப் பழகினோம். ஆயினும் ஒவ்வொரு தவணை முடிவிலும் எம்மை வருத்தும் கேள்வியொன்று உண்டு. வரவு இடாப்பிலும் புள்ளிப் பதிவேட்டிலும் நாம் எழுதும் எண், ஒரு மாணவனைப்பற்றி எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதே அக்கேள்வி. எண்ணையும் எழுத்தையும் கண்ணுக்கு ஒப்பிட்டுப் போற்றும் மரபில் வந்தோம் நாம். கண்ணும் சிலவேளை தன்முன் நிற்பதைக் காணாது விடுவதுண்டு. அக்கேள்விக்கு விடை தேடும் வழியிலேதான் அமெரிக்க நாட்டின் பேஸ்போல் விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாறு எமது கைக்கு எட்டியது. பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே சிந்தித்தற்கு உரியது எனக் கண்டு அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அவர் பெயர் மொசஸ் பிளீற்வுட் வோக்கர். அமெரிக்காவின் மேல்நிலைத் தொழில்முறைப் போட்டிகளில் அவர் ஆடியது ஒரேயொரு பருவகாலம், 1884ஆம் ஆண்டு. ஆடிய ஆட்டங்கள் 42. அடித்தாடக் கிடைத்த முறைகள் 152. வெற்றிகரமாக அடித்த அடிகள் 40. பெற்ற ஓட்டங்கள் 23. அடித்தாடற் சராசரி 0.263. மேல்நிலைப் போட்டிகளில் அவருடைய கணக்கு இவ்வளவே. புத்தகத்தில் ஒரு வரிக்கு மேற் போகாது.

இவ்வெண்களின் பொருளை அறிய வேண்டுமாயின் ஆட்டத்தைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கிரிக்கெற்றையும் உதைபந்தையும் கண்டு வளர்ந்த எமக்குப் பேஸ்போல் புதிதாயினும் விளங்குதற்கு அரிதன்று. அணிக்கு ஒன்பதின்மர். எறிவோன் பந்தை நிலத்திற் குத்தாமல் நேரே எறிகின்றான். அடிப்போன் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டு, சாய்சதுரம்போல் அமைந்த நான்கு தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைவானாயின் அது ஓர் ஓட்டமாகும். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடிவுறும். இவ்வாறு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறைகள் உண்டு. அடிப்போனுக்குப் பின்னால், எமது விக்கெற் காப்பாளரின் இடத்தில் நிற்பவன் பிடிப்போன். வோக்கர் பிடிப்போனாகவே புகழ்பெற்றார்.

இனிச் சராசரியைப் பார்ப்போம். கிரிக்கெற்றில் ஓட்டத்தொகையை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்போம். பேஸ்போலிலோ ஓட்டத்தை வகுப்பதில்லை. தன் அடியின் பயனாகவே ஒரு தளத்தையேனும் பத்திரமாக அடைந்த தடவைகளை, அடித்தாடிய தடவைகளால் வகுத்து, மூன்று தசமதானம் வரை எழுதுவர். 40ஐ 152ஆல் வகுத்தால் 0.263 வருவதை எமது கனிட்ட வகுப்பு மாணவரும் செய்து பார்க்கலாம். அந்த நாற்பதில் இரண்டு அடிகள் இரண்டாம் தளம்வரையும், மூன்று அடிகள் மூன்றாம் தளம்வரையும் அவரைக் கொண்டுசென்றன. எஞ்சிய 35உம் ஒருதள அடிகள். பத்தில் மூன்று முறை அடிப்பவனைச் சிறந்தவன் எனப் போற்றும் ஆட்டம் இது. வோக்கரின் எண் அவ்வாண்டில் அந்த லீக் முழுவதற்குமான சராசரியிலும் மேலானது. முதற்பருவம் ஆடிய ஒரு பிடிப்போனுக்கு இது நல்ல தொடக்கமே. நல்ல தொடக்கம் ஏன் ஓராண்டோடு முடிந்தது என்பதற்கான விடை எண்ணில் இல்லை, வரலாற்றில் உண்டு.

வோக்கர் 1856ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7ஆம் திகதி ஒகையோ மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ற் என்னும் ஊரிற் பிறந்தார். குவேக்கர் சமயத்தவர் மிகுந்து வாழ்ந்த அவ்வூர், தென்னாட்டு அடிமைத்தளையினின்றும் தப்பிவந்தோருக்குப் புகலிடம் அளித்த ஊர்களுள் ஒன்று. பின்னர் குடும்பம் ஸ்ரூபன்வில் நகருக்குப் பெயர்ந்தது. தந்தையார் வைத்தியர். கறுப்பினத்தவருக்கு 1835ஆம் ஆண்டு தொடக்கமே கதவு திறந்த ஓபர்லின் கல்லூரியில் மைந்தர் கல்வி பயின்றார். 1881இல் அக்கல்லூரி அணியின் பிடிப்போனாக விளங்கினார். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சட்டம் கற்கச் சென்று, அங்கும் கல்லூரி அணிக்கு ஆடினார். கல்வியும் ஆட்டமும் ஒருங்கே கைவந்த இளைஞர் அவர். இத்தகையோர் எக்கல்லூரிக்கும் அணிகலன் என்பது எமது பழைய மாணவருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்நாளிற் பிடிப்போன் பட்ட பாடு இன்று நம்புதற்கு அரிது. இன்றைய தடித்த கையுறை அன்று வழக்கில் இல்லை. வெறுங்கையாலோ, விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறையாலோ, விசையோடு வரும் பந்தை ஏற்க வேண்டும். விரல் முறிவதும் நகம் பெயர்வதும் நாளாந்த நிகழ்ச்சிகள். வோக்கரும் இவ்வாறே ஆடினார். இதனாலேயே பிடிப்போன் எல்லா ஆட்டங்களிலும் ஆடுவது அக்காலத்தில் இயலாத காரியமாயிற்று.

கைப்புண் ஆறக்கூடியது. ஆறாத புண் வேறொன்று இருந்தது. 1881ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் கிளீவ்லாந்து அணியொன்றுடன் வோக்கர் லூயிவில் நகருக்குச் சென்றார். எதிரணியார் கறுப்பினத்தவர் ஆடலாகாது என்றனர்; அவர் ஓரத்தில் இருத்தப்பட்டார். அவரிடத்தில் நின்றவர் கைகள் கன்றிப்போய் ஒரு முறையோடு விலகினார். வந்திருந்த மக்களே வோக்கரை அழைக்குமாறு கூவினர். அவர் இறங்கிப் பந்து பிடித்துப் பார்க்கத் தொடங்கவே, எதிரணியார் இருவர் மைதானத்தைவிட்டு வெளியேறினர். வோக்கர் மீண்டும் ஓரத்திற்கே சென்றார். அன்றைய ஆட்டக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஓர் எண்ணும் இல்லை.

1883இல் வோக்கர் ரொலிடோ நகர அணியிற் சேர்ந்து வடமேற்கு லீக்கில் ஆடினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கறுப்பினத்தவரை விலக்க வேண்டும் என்றொரு பிரேரணை லீக்கின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டு, விவாதத்தின்பின் கைவிடப்பட்டது. வோக்கர் 60 ஆட்டங்கள் ஆடினார், சராசரி 0.251. ரொலிடோ வாகை சூடியது.

அவ்வாண்டு ஓகஸ்ற் 10ஆம் திகதி, அக்காலத்தின் மிகப்பெரும் அணியாகிய சிக்காகோ, காட்சி ஆட்டமொன்றிற்காக ரொலிடோவிற்கு வந்தது. அதன் தலைவர் அட்றியன் அன்சன், ஆட்டத்திறத்தில் அந்நாளில் நிகரற்றவர். வோக்கர் இறங்கினால் தமது அணி இறங்காது என்று அவர் மறுத்தார். உண்மையில் வோக்கருக்கு அன்று கையில் நோ. ஓய்வு கொடுப்பதாகவே இருந்தது. மறுப்பைக் கேட்ட ரொலிடோ முகாமையாளர் சாள்ஸ் மோர்ட்டன், வேண்டுமென்றே அவரை வெளிக்களத்தில் நிறுத்தி, ஆடாவிடின் நுழைவுப் பணத்திற் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். அன்சன் ஆடினார். சிக்காகோ 7க்கு 6 என்ற கணக்கில் வென்றது. அன்று மோர்ட்டன் கொண்ட உறுதியைப் பிறரும் கொண்டிருப்பாராயின் பின்வந்த அறுபது ஆண்டுகளின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

1884இல் ரொலிடோ அணி அமெரிக்கன் அசோசியேசன் என்னும் மேல்நிலை லீக்கிற்கு உயர்ந்தது; வோக்கரும் அதனுடன் உயர்ந்தார். மே மாதம் 1ஆம் திகதி, முன்னர் அவரை ஓரத்தில் இருத்திய அதே லூயிவில் நகரிலேயே முதலாட்டம். அன்று அவர் ஓரடியும் பெறவில்லை. களத்தில் நான்கு தவறுகள் இழைத்தார் எனக் கணக்குச் சொல்கின்றது. கணக்கு சொல்வது மெய்யே. எனினும் எந்நகரில், எத்தகைய மக்கள் முன்னிலையில் அவர் நின்றார் என்பதை எழுதுதற்குக் கணக்குப் புத்தகத்தில் நிரல் ஏது?

அவ்வணியின் முதன்மை எறிவோன் ரொனி முல்லேன். அவ்வாண்டு அணி பெற்ற 46 வெற்றிகளில் 36 அவர் பெயருக்கு எழுதப்பட்டவை. எவ்வாறு எறிவது என்று பிடிப்போன் விரலாற் குறிகாட்ட, எறிவோன் அதற்கு இசைய எறிதலே முறை. கறுப்பினத்தவர் ஒருவரின் குறிக்குத் தாம் பணிவதா என்று எண்ணி, முல்லேன் வோக்கரின் குறிகளைப் பாராமலே தம் விருப்பப்படி எறிந்தார். இதனை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. நெடுங்காலத்தின்பின், 1919இல், முல்லேன் தாமே ஒப்புக்கொண்டார். தம்முடன் ஆடிய பிடிப்போருள் வோக்கரே தலைசிறந்தவர் என்றும் அதே வாயாற் சொன்னார். எப்பந்து வரும் என்பதை அறியாமலே, வெறுங்கையால் அப்பந்தைப் பிடித்த ஒருவரின் கைதவறிய பந்துகள் யாவும் அவருடைய கணக்கிலேயே எழுதப்பட்டன. எறிந்தவரின் வெறுப்பு எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை.

சூலையில் பந்துபட்டு வோக்கரின் விலாவெலும்பு முறிந்தது. செப்டெம்பரில், றிச்மண்ட் நகரிலிருந்து மோர்ட்டனுக்குப் பயமுறுத்தற் கடிதமொன்று வந்தது. வோக்கர் அங்கு ஆடவந்தால் அவரைத் தாக்க 75 பேர் சூளுரைத்திருக்கின்றனர் என்பது அதன் சாரம்; கீழே பொய்ப்பெயர்கள். அதற்கு அவசியம் நேரவில்லை. றிச்மண்ட் ஆட்டங்களுக்கு முன்னரே, காயத்தின் காரணமாக அணி அவரை விடுவித்திருந்தது. 42 ஆட்டங்களின் கதை இவ்வாறு முடிந்தது. அதே ஆண்டில் அவருடைய தம்பி வெல்டேயும் அவ்வணிக்கு 5 ஆட்டங்கள் ஆடினார். 18 முறையில் 4 அடிகள்.

மேல்நிலை லீக்கின் கதவு மூடினாலும் வோக்கர் ஆட்டத்தை விடவில்லை. அடுத்த நிலை லீக்குகளில் கிளீவ்லாந்து, வாட்டர்பரி, நியூவார்க், சிரக்கியூஸ் அணிகளுக்கு ஆடினார். 1887இல் நியூவார்க்கில் ஜோர்ஜ் ஸ்ரோவி என்னும் சிறந்த கறுப்பின எறிவோனும் அவரும் ஓரணியில் இணைந்து நின்றனர். அவ்வாண்டு சூலை 14ஆம் திகதி அன்சனின் சிக்காகோ அணி நியூவார்க்கிற்கு வந்தபோது ஸ்ரோவி எறியவில்லை. சுகவீனம் என்று வெளியிற் கூறப்பட்டது. அதே நாளில் பபலோ நகரிற் கூடிய இன்ரர்நாஷனல் லீக் பணிப்பாளர்கள், இனிக் கறுப்பினத்தவருடன் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று 6க்கு 4 வாக்குகளால் முடிவுசெய்தனர். மேல்நிலை லீக்குகளிலோ அத்தகைய விதி எழுத்திலே இல்லாமலே நடைமுறையாயிற்று. எழுதாத விதியை எதிர்த்து வாதிடுவது எழுதிய விதியை எதிர்ப்பதிலும் கடினம். இருந்தும் வெல்டே வோக்கர் 1888இல், கறுப்பினத்தவரை விலக்கிய வேறொரு லீக்கின் தலைவருக்குப் பத்திரிகை வாயிலாகக் கடிதம் எழுதினார். ஒருவரை விலக்குவதாயின் அவரது ஒழுக்கக் குறைவோ திறமைக் குறைவோ காரணமாகலாம். தோலின் நிறம் எவ்வாறு காரணமாகும் என்பதே அக்கடிதத்தின் வாதம். இன்று படிப்போர்க்கும் அதற்கு மறுமொழி கிடையாது.

ஈண்டு எமது நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்லாமல் விடுதல் இயலாது. சிக்காகோ அணியின் உரிமையாளர் ஸ்போல்டிங், 1888இன் இறுதியில் தமது அணியையும், பல அணிகளிலிருந்து தெரிந்தெடுத்த மற்றோர் அணியையும் உலகச் சுற்றுலாவிற்கு அனுப்பினார். அவர்கள் அவுஸ்திரேலியாவில் ஆடிவிட்டு எகிப்துக்குச் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி, 1889ஆம் ஆண்டு சனவரி 26ஆம் திகதி ஓர் ஆட்டம் ஆடினர். 3க்கு 3 எனச் சமமாக முடிந்த அவ்வாட்டத்திற் சிக்காகோவிற்குத் தலைமை தாங்கியவர் அதே அன்சனே. கறுப்பினத்தவருடன் ஒரே மைதானத்தில் நிற்க மறுத்த அணித்தலைவர், கறுத்த மக்கள் வாழும் எமது தீவிற்கு வந்து, எமது மண்ணில் ஆடிச் சென்றார். அவ்வாண்டு ஓகஸ்ற்றில் சிரக்கியூஸ் அணி வோக்கரை விடுவித்தது. 1946இல் ஜக்கி றொபின்சன் மொன்றியல் அணியிற் சேரும்வரை, 57 ஆண்டுகள், அந்த லீக்கிற் கறுப்பினத்தவர் எவரும் ஆடவில்லை. 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் திகதி அதே றொபின்சன் புறூக்ளின் அணிக்கு ஆடியபோதே மேல்நிலை லீக்கின் கதவு மீண்டும் திறந்தது.

அன்சனின் எண்களையும் நீதியாகச் சொல்லிவிடுதல் முறை. அவர் 27 பருவங்கள் ஆடினார். சிக்காகோவிற்குத் தலைமை தாங்கி ஐந்துமுறை வாகை சூடினார். அவர் அடித்த அடிகள் எத்தனை? ஒரு கணக்கு 3,435 என்னும்; இன்னொன்று 3,011 என்னும். 1871 முதல் 1875 வரையிலான பழைய சங்கத்தில் அவர் பெற்ற 423 அடிகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் அறிஞர் மாறுபடுவதே இதற்குப் பெருங்காரணம். இன்னுமொன்று: 1887இல் மட்டும், எறிவோனின் தவறான எறிதல்களால் இலவசமாகத் தளம் பெறுவதையும் அடியாகக் கணக்கிடும் விதி இருந்தது. அவ்வாண்டு அன்சனுக்கு அவ்வாறு கிடைத்தவை 60. அவற்றைச் சேர்த்தால் ஒரு தொகை, நீக்கினால் வேறொரு தொகை. கல்லில் வெட்டியதுபோல் எமக்குத் தோன்றும் எண்ணும், எவரைச் சேர்ப்பது, எதனைக் கணக்கிடுவது என்று மனிதர் செய்யும் தீர்மானத்தில் தங்கியிருக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அன்சன் ஒருவரே இந்நிறத்தடையை எழுப்பினார் என்றும் நாம் சொல்லோம். அவரது மறுப்புக்கு இசைந்த உரிமையாளர் பலர். வாய்மூடியிருந்தோர் அவரினும் பலர்.

வோக்கரின் பிற்காலம் இன்பமும் துன்பமும் கலந்தது. 1891இல் சிரக்கியூஸ் நகரில் வெள்ளையர் சிலர் அவரைச் சூழ்ந்து தாக்கியபோது அவர் கத்தியால் ஒருவரைக் குத்த, அம்மனிதர் இறந்தார். வழக்கை விசாரித்த யூரிமார் அவரைக் குற்றவாளி அல்லர் என விடுவித்தனர். பின்னர் தபால் சேவையில் இருந்தபோது செய்த குற்றத்திற்காக ஓராண்டு சிறையிருந்தார். இதனையும் மறைத்தல் எமது நோக்கமன்று. கடிஸ் என்னும் ஊரில் நாடக அரங்கொன்றை நடத்தினார். பீரங்கிக் குண்டுக்கும், சலனப்படச் சுருள் தொடர்பான கருவிகளுக்கும் காப்புரிமை பெற்றார். 1908இல் நூலொன்று வெளியிட்டார். அமெரிக்காவில் தம் இனத்தவர்க்கு நீதி கிட்டாது, ஆபிரிக்காவிற்குத் திரும்புதலே வழி என்பது அந்நூலின் முடிபு. இம்முடிபை நாம் ஏற்கவேண்டியதில்லை. கல்லூரியில் வெள்ளையருடன் ஒரே வாங்கில் இருந்து கற்ற ஒருவரை இம்முடிபுக்குத் தள்ளியது எது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, தமது 67ஆம் வயதில், கிளீவ்லாந்தில் அவர் காலமானார். ஸ்ரூபன்வில்லில் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் நெடுங்காலம் பெயர்க்கல்லும் இருக்கவில்லை.

ஆராய்ச்சியாளர் பின்னர் ஒரு திருத்தம் சொன்னார்கள். 1879இல் புறொவிடென்ஸ் அணிக்கு ஒரேயோர் ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வேட் வைற் என்பவர் அடிமைத் தாயொருவருக்குப் பிறந்தவர் என அவர்கள் காட்டினர். ஆனால் அவர் வெள்ளையராகவே வாழ்ந்தவர். தம் நிறத்தை மறையாது, அதற்குரிய வசையையும் தாங்கி மேல்நிலை லீக்கில் ஆடிய முதல்வர் வோக்கரே. 2017இல் ஒகையோ மாநிலம் அவர் பிறந்த ஒக்ரோபர் 7ஐ அவர் பெயரால் நினைவுநாளாக்கியது. தடைக்காலத்திற் கறுப்பினத்தவர் தமக்கென நடத்திய லீக்குகளின் கணக்கு 2024இல் மேல்நிலைக் கணக்கோடு சேர்க்கப்பட்டது. அதன்படி வாழ்நாட் சராசரியில் முதலிடம் 0.372 பெற்ற ஜொஷ் கிப்சனுக்கு உரியதாயிற்று. முன்பு அப்பட்டியலில் அவர் பெயரே இல்லை. எண் பொய் சொல்லவில்லை. எண்ணியவர்கள் ஒரு பகுதியாரை எண்ணாமல் விட்டிருந்தனர்.

பெயர்க்கல் இல்லாதிருந்த அச்சமாதிக்குப் பெயர்க்கல் நாட்டியவர் யாவர்? அரசினர் அல்லர், லீக்கின் தலைவர்களும் அல்லர். ஓபர்லின் கல்லூரியின் விளையாட்டு அன்பர் சங்கத்தினரே அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின் அதனை நாட்டினர். தம் கல்லூரி மைதானத்திற் பந்து பிடித்த ஒருவரை, உலகம் மறந்த பின்னும் கல்லூரி மறக்கவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் எதற்காக என்று கேட்போர்க்கு இதுவே விடையாகும் என எண்ணுகின்றோம். கட்டடம் எழுப்புதலும் பரிசு வழங்குதலும் நன்றே. அவற்றினும் அரிய பணியொன்று உண்டு: கணக்கில் வராது போனவர்களைத் தேடிக் கணக்கிற் சேர்த்தல்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு எமது வரவு இடாப்பை மீண்டும் விரித்துப் பார்த்தோம். ஒரு மாணவனின் பெயருக்கு நேரே தவணை முழுவதும் வெற்றிடங்கள் பல இருந்தன. வரவு குறைந்தவன் என்று நாம் கண்டித்திருந்தோம், காரணம் கேட்கவில்லை. மறுநாட் காலையிற் கேட்டோம். தந்தையார் நோயுற்றிருக்க, விடியுமுன் தோட்டத்திற்கு நீர் இறைத்துவிட்டே அவன் பாடசாலைக்கு வருகின்றான் என்று அறிந்தோம். இடாப்பில் உள்ள எண்ணை நாம் மாற்றவில்லை; அது மெய்யான எண். அவனைக் கண்டித்த சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

எமது கல்லூரியின் யூபிலி நாளில், பரிசுப் பட்டியலிற் பெயர் வந்தோரை வாழ்த்துவதோடு, பட்டியலில் வராத மாணவரையும் நினைந்து வாழ்த்துகின்றோம். கல்லூரி நீடு வாழ்க.